கட்டைவிரல் நகம்

முடி வெட்டுகிறவளின் கத்தரியால் முடியைத் தவிர வேறெதையும் வெட்டக் கூடாது. காகிதம் கூடாது, நூல் கூடாது, பால் பாக்கெட் கூடவே கூடாது. இந்தச் சட்டம் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். முடி வெட்ட வருகிறவர்களுக்குக்கூடத் தெரியும். தெரிந்திருந்தும் பியானோக்காரி ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்தக் கத்தரியை எடுத்து, பிரவுன் டேப் சுற்றிய ஓர் அட்டைப்பெட்டியை வெட்டினாள். உள்ளே அவள் வரவழைத்திருந்த இசைப் புத்தகம் இருந்தது. சமையலறைக் கத்தரி பத்தடி தள்ளி இருந்தது. இதுவோ முடி வெட்டும் நாத்தனாரின் டிராலியில், கைக்கெட்டும் தூரத்தில் பளபளத்தது. பத்தடி நடக்கச் சோம்பல்பட்டவள் பின்னால் எத்தனை நடை நடந்தாள் என்று கேட்டால் அவளே சிரிப்பாள்.

பெட்டியின் ஓரத்தில் ஓர் இரும்புப் பின் இருந்திருக்கிறது. அதன் மேல் கத்தரி ‘நறுக்’ என்றது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அலகு முழுக்க டேப் பசை. அந்த நேரம் பார்த்து வாசலில் நாத்தனாரின் செருப்புச் சத்தம். பதற்றத்தில் ஒரு டிஷ்யூவை மடித்து, ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் அலகை ஒரே இழுப்பாக இழுத்துத் துடைத்தாள். ஒற்றை முடியைக் காற்றில் பிடித்து வெட்டும் கத்தரி அது. விரல் எம்மாத்திரம்.

கத்தரியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுச் சமையலறைக்கு ஓடினாள். ரத்தத்துக்கு ஒரு காரணம் வேண்டுமே! நல்ல கண்ணாடி டம்ளர் ஒன்றை எடுத்துத் தொட்டியில் போட்டு உடைத்தாள். சத்தம் கேட்டு நாத்தனார் வந்து நின்றபோது, “டம்ளர் உடஞ்சு கைய வெட்டிடுச்சு” என்றாள். நாத்தனார் தோளில் கிடந்த துண்டை எடுத்து விரல்களைச் சுற்றி, மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஆள்காட்டி விரலில் நான்கு தையல், நடுவிரலில் மூன்று. வழியெல்லாம் நாத்தனார் அவள் கையை உயர்த்திப் பிடித்திருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

இந்த இருவரும் அப்படியொன்றும் ஒட்டி உறவாடியவர்கள் இல்லை. ஒரு வருடத்துக்கு முன் நாத்தனார் முடி வெட்டும் கடை வைத்திருந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள். “வேற இடம் கிடைக்கிற வரைக்கும் நம்ம முன் அறையில வச்சுக்கட்டுமே” என்றான் அண்ணன்காரன். அவன் லிஃப்ட் மெக்கானிக். எந்த லிஃப்டில் எத்தனை பேர் ஏறலாம் என்று அவனுக்குத் துல்லியமாகத் தெரியும். ஓர் அறையில் எத்தனை பெண்கள் தொழில் செய்யலாம் என்று தெரியாது. முன் அறையில் பியானோ இருந்தது. ஒரே உறையில் இரண்டு கத்தி எப்படி இருக்கும்? நடுவில் ஒரு திரை வேண்டும் என்று பியானோக்காரி பிடிவாதமாக நின்றாள். நீலத் திரை ஒன்று வந்தது. திரைக்கு அந்தப் பக்கம் சுழல் நாற்காலியும் கண்ணாடியும், இந்தப் பக்கம் பியானோ. கட்டைகளின் இடுக்கில் முடி விழுகிறது என்று இவள் சொல்வாள். ட்ரையர் போட்டால் வேண்டுமென்றே சத்தமாக வாசிக்கிறார் அண்ணி என்று அவள் சொல்வாள். இரண்டும் உண்மைதான்.

இப்போது பியானோக்காரிக்கு விரலைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. நடனப் பள்ளியில் எட்டு வருடமாக அவள் ‘ஆள் வராத நாளுக்கு ஆள்.’ வழக்கமாக வாசிக்கிறவருக்குக் காய்ச்சல் வந்தால் இவளுக்கு போன் வரும். அடுத்தவர் காய்ச்சலை எதிர்பார்த்துப் பிழைக்கிறோமே என்று அவளுக்கே சில நாள் கூச்சமாக இருக்கும். அந்த மனிதர் ஓய்வு பெறப்போகிறார். நிரந்தர வேலைக்குத் தேர்வு வைத்திருந்தார்கள், இன்னும் முப்பத்தைந்து நாளில். கட்டாயம் வாசிக்க வேண்டிய பாட்டு அந்த அட்டைப்பெட்டியில் வந்த புத்தகத்தில்தான் இருந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் நீளமாக ஒரு ட்ரில்.

ட்ரில் என்பது, பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டை மாற்றி மாற்றி, இரண்டு என்றே தெரியாதபடி வேகமாகத் தட்டுவது. சரியாக வந்தால் ஸ்வரம் சிலிர்க்கும். வராவிட்டால் தகர டப்பாவில் கல் போட்டு ஆட்டினது போல இருக்கும். எல்லோரும் பலமுள்ள விரல்களான ஆள்காட்டியாலும் நடுவிரலாலும் வாசித்துத் தப்பித்துக்கொள்வார்கள். அவளும் அத்தனை வருடமும் அப்படித்தான் தப்பித்தாள். டாக்டரோ, “மூணு வாரத்துல சாதாரணமா வாசிக்கலாம். ஆனா இந்த ரெண்டு விரலால வேகவேகமா தட்டுற வேலை ரெண்டு மாசத்துக்குக் கிடையாது” என்று சொல்லிவிட்டார். மிச்சம் இருந்தவை மோதிர விரலும் சுண்டுவிரலும். அதற்கும் மேலே, ட்ரில் நடக்கும்போதே கட்டைவிரல் கீழே பாட்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக நீளமாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். ஐந்து விரலும் ஒன்றாகவா இருக்கிறது என்று பெரியவர்கள் சொன்னபோது அவர்களுக்கு இந்த மோதிர விரலைத்தான் யாரோ காட்டியிருக்க வேண்டும்.

கட்டுப் போட்ட மூன்றாம் நாளே உட்கார்ந்துவிட்டாள். காயம்பட்ட விரல்களைத் தூக்கி வைத்துக்கொண்டு மற்ற மூன்றால் பயிற்சி. மோதிர விரலுக்குப் பலம் ஏற்ற ஒரு ரப்பர் பந்து வாங்கி, பஸ்ஸில், சமையலறையில், டிவி முன்னால் எல்லாம் அமுக்கினாள். விரலில் ரப்பர் பேண்ட் மாட்டி இழுத்தாள். பியானோவில் விரலை உயரத் தூக்கி ஓங்கி ஓங்கி அடித்தாள். நான்கு நொடி வரும்; ஐந்தாவது நொடியில் கை முழங்கை வரை கல்லாகிவிடும். திரைக்கு அந்தப் பக்கம் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், “மரங்கொத்தி வளக்கிறீங்களா?” என்று கேட்டாள். “பியானோ பழசாயிடுச்சு, கட்டை இறுகிப்போச்சு” என்று பியானோக்காரி திரையைப் பார்த்துச் சொன்னாள். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

இதற்கிடையில் நாத்தனார் ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்லியிருந்தாள்: “பெரிய கத்தரிய சாணைக்கு அனுப்பியிருக்கேன்.” எதற்கு என்று சொல்லவில்லை. கேட்க இவளுக்குத் தைரியமும் இல்லை. தெரிந்திருந்தால் சும்மா விடுகிறவளா என்று சமாதானம் செய்துகொண்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது. ஆனாலும் அது வாயைத் திறக்கவில்லை.

பத்தாம் நாள் பிற்பகல். ஐந்தாவது நொடியில் கை மறுபடியும் இறுகி, அவள் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தபோது திரை சரக்கென்று விலகியது. நாத்தனார் வந்த வேகத்தையும் முகத்தையும் பார்த்து, எல்லாம் தெரிந்துவிட்டது என்று பியானோக்காரி நினைத்தாள். ஆனால் நாத்தனார் பியானோவின் ஓரத்தில் வந்து அப்படியே நின்றாள். திறந்த வாயை மூடினாள். அவள் கண் கட்டைகளின் மேலேயே இருந்தது.

“அண்ணி, ஒரு நிமிஷம் நிறுத்துங்க.”

“சத்தம் ஜாஸ்தியா இருக்கா? குறைச்சுக்கிறேன்.”

“சத்தம் கிடக்கட்டும். உங்க கட்டைவிரல் நகம் ஏன் வெள்ளையா இருக்கு?”

பியானோக்காரி குனிந்து பார்த்தாள். கட்டைவிரல் தன் ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அமுக்கின அமுக்கில் நகத்தில் ரத்தமே இல்லை. “நகர மாட்டேங்கிறது மோதிர விரல். நீ கட்டைவிரலப் போய்ப் பார்க்கிற” என்றாள்.

“வலி ஒரு இடம், கோளாறு ஒரு இடம். கத்தரி பிடிக்கக் கத்துக்கிற எல்லாருக்கும் முதல் மாசம் இதே கதைதான்.” நாத்தனார் உள்ளே போய் ஒரு பழைய கத்தரியைக் கொண்டுவந்தாள். “ஒரு வளையத்துல மோதிர விரல், இன்னொண்ணுல கட்டைவிரல். இந்த வால்ல சுண்டுவிரலச் சாய்ச்சுக்கணும். எங்க பொழப்பு இந்த மூணு விரலாலதான் ஓடுது. போடுங்க. இப்ப கட்டைவிரல நல்லா அமுக்கிக்கிட்டு மத்த ரெண்டையும் ஆட்டிப் பாருங்க.”

ஆட்ட முடியவில்லை. இரண்டும் பசையில் விழுந்த ஈ மாதிரி துடித்தன.

“இப்ப கட்டைவிரலத் தளர்த்துங்க. கத்தரி கீழ விழக்கூடாது, அவ்ளோதான். ஆட்டுங்க.”

இரண்டு விரலும் அசைந்தன. சுலபமாக, தங்கள் பாட்டுக்கு அசைந்தன. பியானோக்காரி கத்தரியையும் நாத்தனாரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். முப்பது வருடம் பியானோ வாசித்தவள் அவள். இறுக்காதே, தளர்த்து என்று எத்தனையோ பேர் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். எங்கே இறுக்குகிறாள் என்று ஒருவரும் சொன்னதில்லை.

“பலவீனமான விரல்னு ஒண்ணும் இல்ல அண்ணி. பலசாலி விடமாட்டேங்கிறான், அதான் பக்கத்துல இருக்கிறவன் எழுந்திருக்க முடியல” என்றாள் நாத்தனார். பிறகு வாடிக்கையாளர் காத்திருப்பது நினைவுக்கு வந்து போய்விட்டாள்.

அன்றைக்கு ரப்பர் பந்து பரணுக்குப் போனது. பியானோக்காரி முதலில் கட்டைவிரலுக்கு அமுக்குகிற பழக்கத்தை மறக்கடித்தாள். கீழே போன கட்டை மேலே எழாமல் இருக்க எவ்வளவு கனம் வேண்டும் என்று சோதித்துப் பார்த்தால், ஒரு முட்டையின் கனம்கூட வேண்டியிருக்கவில்லை. இவளோ ஒரு மூட்டை அரிசியை இறக்கி வைத்திருக்கிறாள்! மற்ற இரண்டு விரல்களையும் உயரத் தூக்குவதை விட்டு, கட்டைகளை ஒட்டியே வைத்துக்கொண்டாள். பூட்டில் சாவியைத் திருப்புகிற அளவுக்கு முன்கை லேசாக அசைந்தது. விரல்கள் அதன்மேல் சவாரி செய்தன. நான்கு தட்டு, நிறுத்தம். எட்டு தட்டு, நிறுத்தம். கை இறுகும் முன்னால் நிறுத்திவிடுவது. இறுகிய பிறகு நிறுத்துவதில் பயனில்லை.

நாத்தனாருக்கு ஓய்வு கிடைத்த நேரமெல்லாம் பியானோ ஓரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்கு ஸ்வரம் தெரியாது, தாளம் சுமார். நகம் மட்டும் தெரியும். லேசாக நிறம் மாறினாலும் “வெள்ளை!” என்று கத்துவாள். பியானோக்காரி உடனே தளர்த்துவாள். நாளாக ஆக நாத்தனார் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே, ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு, ஒலியை வைத்தே “வெள்ளை!” என்றாள். பத்துக்கு ஒன்பது தடவை சரியாக இருந்தது. தன் தலையில்தான் நரை என்று நினைத்து ஒரு அம்மாள் கோபித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அவளைச் சமாதானப்படுத்த இருவரும் சேர்ந்து போக வேண்டியதாயிற்று. அன்றைக்குத்தான் அந்த வீட்டில் முதல்முறையாக அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து சிரித்தார்கள். லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து வந்தவன், வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று வாசலில் நின்று எண் பலகையைப் பார்த்தான்.

ட்ரில் வளர்ந்தது. ஐந்து நொடி பத்தானது, பத்து இருபதானது. நான்காம் வாரத்தில் ஒருநாள், கீழே பாட்டு நகர, மேலே அந்தச் சிலிர்ப்பு கடைசிவரை அறுபடாமல் வந்தது. பியானோக்காரி சந்தோஷத்தில் திரையை விலக்கிச் சொல்லப் போனாள். நாத்தனாரின் வலது மணிக்கட்டில் பட்டை ஒன்று சுற்றியிருந்தது.

“என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. பழைய கத்தரி கொஞ்சம் முரடு. பெருசு சாணையிலிருந்து வர வரைக்கும்தான்.”

பியானோக்காரி சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பினாள். தன் மணிக்கட்டு வீங்குவது இந்த அண்ணியால்தான் என்று தெரியாமலே நாத்தனார் அண்ணியின் கையைத் தளர்த்திக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தாள். அன்று கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சொல்லிடு” என்றான்.

“தேர்வு முடியட்டும்.”

“ஏன்?”

“இப்போ சொன்னா, அப்புறம் யார் எனக்கு வெள்ளைன்னு சொல்றது?” என்றாள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சுயநலம் என்று அவளுக்கே காதில் விழுந்தது. தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கக்கூட அவளுக்குப் பிடிக்கவில்லை.

தேர்வு நாள் காலையில் நாத்தனார் அவளைச் சுழல் நாற்காலியில் பிடித்து உட்கார வைத்தாள். “இந்தத் தலையோட போனா வேலை கொடுக்க மாட்டாங்க. உக்காருங்க.” துணியைக் கழுத்தில் கட்டி, முடியை நனைத்து, வெட்ட ஆரம்பித்தாள். பழைய கத்தரி ஓரிடத்தில் முடியைக் கவ்வி இழுத்தது. நாத்தனார் மூச்சுக்குள் ‘ஸ்ஸ்’ என்று மணிக்கட்டை உதறிக்கொண்டாள்.

அதற்கு மேல் பியானோக்காரியால் முடியவில்லை. “உன் நல்ல கத்தரிய நான்தான் கெடுத்தேன்” என்றாள். “பார்சல் டேப்ப வெட்டினேன். பின் மேல பட்டுடுச்சு. டம்ளர் உடஞ்சதெல்லாம் பொய்.”

கத்தரி நின்றது. காதோரத்தில் அதன் குளிர்ச்சி அவளுக்குத் தெரிந்தது. வேலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், இவள் ஒரு வார்த்தை திட்டிவிட்டால் போதும் என்று தோன்றியது.

“பாதித் தலை வெட்டியாச்சு. இதச் சொல்ல இப்பத்தான் நல்ல நேரம் பார்த்தீங்களா?” என்றாள் நாத்தனார். பிறகு கத்தரி மறுபடி நகர்ந்தது. “தெரியும் அண்ணி.”

“எப்போ?”

“அன்னிக்கே. பசை திருகு வரைக்கும் ஒட்டியிருந்துச்சு, பசையில ரத்தம். டம்ளர் உடஞ்சா ரெண்டு விரல்லயும் கோடு போட்ட மாதிரி ஒரே நேரா வெட்டுமா? நல்ல டம்ளர், பாவம்.”

“அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?”

“கேக்கத்தான் வந்தேன். சாணைக்காரர் அலகுல வெட்டு விழுந்துடுச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னு திருப்பி அனுப்பிட்டாரு. அந்தக் கத்தரி பன்னெண்டு வருஷமா என் கைல இருந்தது அண்ணி. அன்னிக்கு மத்தியானம் திரையை விலக்கிட்டு வந்தது உங்களக் கிழி கிழின்னு கிழிக்கத்தான். வந்து பார்த்தா நகம் வெள்ளையா இருக்கு. அதப் பார்த்ததும் சண்டை எங்கேயோ போயிடுச்சு.” அவள் சீப்பால் முடியை நிமிர்த்தினாள். “அப்புறம் தினமும் நினைப்பேன், இன்னிக்குக் கேட்டுடணும்னு. நீங்க உக்காந்து வாசிக்க ஆரம்பிச்சிடுவீங்க. கேட்டா கை மறுபடியும் இறுகிடும். சரி, தேர்வு முடியட்டும், மொத்தமா வச்சுக்கலாம்னு விட்டேன்.”

பியானோக்காரி அழுதாள். துணிக்குள்ளிருந்து கையை எடுக்க முடியாமல், கண்ணீரைத் துடைக்கவும் முடியாமல் அழுதாள்.

“அழாதீங்க. முடி மூஞ்சில ஒட்டும்” என்றாள் நாத்தனார். துண்டால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு மிச்சத் தலையை வெட்ட ஆரம்பித்தாள்.

நடனப் பள்ளியின் பெரிய கூடத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். சுவர் முழுக்கக் கண்ணாடி. பியானோக்காரி வாசித்தாள். கடைசிப் பக்கம் வந்தது. மோதிர விரலும் சுண்டுவிரலும் தொடங்கின. கட்டைவிரல் பாட்டை எடுத்துக்கொண்டது. பக்கத்தில் ஸ்டூல் இல்லை, திரைக்குப் பின்னால் குரல் இல்லை. அவள் ஒருமுறை மட்டும் குனிந்து பார்த்தாள். நகம் ரோஜா நிறத்தில் இருந்தது. காலையில் மனசிலிருந்து இறங்கியதோடு கையிலிருந்தும் ஏதோ இறங்கியிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. ட்ரில் தன் பாட்டுக்கு நீண்டது. ஒரு நாளும் பயிற்சியில் வராத மெல்லிய குரலில் வந்து, பாட்டு முடிகிற இடத்தில் தானும் முடிந்தது.

நடுவில் உட்கார்ந்திருந்த பள்ளித் தலைவி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். “ட்ரில்ல கடைசி ரெண்டு விரல்ல வாசிச்சீங்க. இவ்வளவு லேசா நான் கேட்டதில்ல. யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?”

“என் நாத்தனார்கிட்ட.”

“அவங்க எங்க வாசிக்கிறாங்க?”

“வாசிக்கிறதில்லீங்க. முடி வெட்டுறாங்க.”

மூவரும் அவள் தலையைப் பார்த்தார்கள். வெட்டும் நன்றாகத்தான் இருந்தது. தலைவி சிரித்துக்கொண்டே, “திங்கட்கிழமை காலை வகுப்புக்கு வந்துடுங்க. இனிமே யாருக்கும் காய்ச்சல் வரணும்னு காத்திருக்க வேண்டாம்” என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது திரைக்கு அந்தப் பக்கம் கத்தரிச் சத்தம் கேட்டது. வாடிக்கையாளர் இருந்தார். பியானோக்காரி செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்த் திரையை விலக்கினாள். தலையை மட்டும் ஆட்டினாள். நாத்தனாருக்குப் புரிந்துவிட்டது. “எனக்குத் தெரியுமே” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

பியானோக்காரி பட்டை சுற்றிய அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். எட்டு வருடம் காத்திருந்த வேலையை இந்தக் கைதான் வாங்கித் தந்தது என்று சொல்ல நினைத்தாள். ரத்தம் வழிந்த நாளில் துண்டு சுற்றியதும் இதே கை என்று சொல்ல நினைத்தாள். “நன்றிம்மா” என்று மட்டும்தான் வந்தது. விடாமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

நாத்தனார் குனிந்து பார்த்தாள்.

“அண்ணி, வெள்ளை.”

“இதுக்கு இருக்கட்டும்” என்றாள் பியானோக்காரி.